பழைய ஓட்டு வீடு: முற்றத்தை மூடி ஹாலாக்கலாமா?

கேள்வி, பிப்ரவரி 2

மாயவரம் பக்கம் கிராமத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி (வாசலிலிருந்து உள்ளே போகும் நடை), நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், இரண்டாம் கட்டு (வீட்டின் பின்பகுதி), கொல்லை, கிணறு. அப்பா ஓய்வு பெற்று அம்மாவோடு அங்கேயே போய் இருக்கப்போகிறார். கான்ட்ராக்டர் சொல்லும் யோசனை இது: முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு ஹாலாக்குவது, வீடு முழுக்க விட்ரிஃபைடு டைல்ஸ், உதிர்கிற சுவரைக் கொத்தி சிமெண்ட் பூச்சு, கொல்லை முழுக்க பேவர் பிளாக், திண்ணையை எடுத்துவிட்டு கார் நிறுத்த இடம். பணத்துக்குப் பிரச்சினை இல்லை. செய்யலாமா?

பதில், பிப்ரவரி 2, இரவு

முற்றத்தை மூடாதீர்கள். விவரமாக நாளைக்கு எழுதுகிறேன். அதுவரை அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிட வேண்டாம்.

பிப்ரவரி 3

சரி, காரணம் சொல்கிறேன். டெல்டா கிராமத்துத் தெருக்களில் பெரும்பாலும் பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒட்டியே இருக்கும். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழி இல்லை. அந்த வீடுகளில் வெளிச்சம், காற்று இரண்டுக்கும் முற்றம்தான் கதி. வாசலிலும் கொல்லையிலும் நுழைகிற காற்று முற்றத்து வழியாக மேலே போகும். பகலெல்லாம் தரையும் சுவரும் வாங்கிய சூடு ராத்திரி அந்தத் திறந்த வாயில் வெளியேறும். சித்திரை மாதத்தில் முற்றத்து ஓரம் பாய் போட்டுப் படுத்தவர்களுக்கு விடியற்காலை நான்கு மணிக்குப் போர்வை தேடிய ஞாபகம் இருக்கும்.

பாலிகார்பனேட் போட்டால் வெயில் உள்ளே வரும், தரையைச் சுட வைக்கும், அந்தச் சூடு வெளியே போகாது. என் சித்தப்பா வீட்டில் இதைச் செய்தார்கள். முதல் கோடையிலேயே மதியம் தாழ்வாரத்தில் உட்கார முடியவில்லை. ஏசி வைத்தார்கள். அந்த ஏசி முற்றம், தாழ்வாரம், ஓட்டுச் சந்து என்று மொத்தத்தையும் குளிர வைக்கப் பார்த்தது, எதையும் குளிர வைக்கவில்லை. ஷீட் பழுப்பேறிவிட்டது. மழை பெய்தால் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது.

பிப்ரவரி 3, இன்னும் ஒன்று

கான்ட்ராக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் இப்போது முற்றத்தில் விழுகிறது. ஷீட் போட்ட பிறகு அது எங்கே போகும்?" ஓட்டு விளிம்பில் காடி (தண்ணீர் ஏந்தும் நீளமான வாய்க்கால்) வைத்து பைப்பில் இறக்குவதாகச் சொல்வார். ஐப்பசி அடைமழையில் வேப்பிலைச் சருகு ஒரு கைப்பிடி போதும், அந்தப் பைப் அடைத்துக்கொள்ள. அப்புறம் தண்ணீர் பின்வாங்கி ஓட்டுக்கு அடியில், ஓட்டைத் தாங்கும் கைமர நுனியில்தான் நிற்கும். நூறு வருடத் தேக்கு வெயிலுக்கும் மழைக்கும் அசராது. காற்றுப்படாத ஈரத்துக்கு அசரும். இரண்டு ஓட்டுச் சரிவு சேரும் மூலையில் இருக்கும் கூடல்வாய்த் தகரத்தையும் இப்போதே ஏணி வைத்துப் பார்த்துவிடுங்கள். நாலு மூலையிலும் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் உங்கள் சுவர் உதிர்வதற்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைக்கும்.

பிப்ரவரி 5

சுவருக்கு வருகிறேன். இந்த இழையில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான், ஏனென்றால் முற்றத்து ஷீட்டைப் பிற்பாடு கழற்றிவிடலாம், சுவரில் போட்ட சிமெண்டைக் கழற்ற முடியாது.

உங்கள் வீடு சுண்ணாம்புக் கலவையில் கட்டியது என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்துக் கடைக்காலில் (அஸ்திவாரத்தில்) ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே காற்றில் விட்டுவிடும், அதனால் சுவர் பிழைத்துக் கிடக்கிறது. அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியே வர வழி இல்லை, இன்னும் மேலே ஏறும். முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த ஈரக்கறை இடுப்புக்கு வரும். உப்புப் பூக்கும். அப்புறம் சிமெண்ட் பூச்சு, பட்டி, பெயின்ட் எல்லாம் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும், வரும்போது உள்ளே இருக்கும் பழைய செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு வரும்.

எங்கள் வீட்டில் வேலை பார்த்த கொத்தனார் வயதானவர். வந்த அன்று ஒரு சாமானையும் வெளியே எடுக்கவில்லை. கரண்டியின் மரக்கைப்பிடியால் சுவரை அடி முதல் மேலே வரை தட்டிக்கொண்டே நடந்தார். கெட்டியான இடத்தில் "டக்" என்று ஒட்டிக் கேட்கும். பொக்கையான இடத்தில் தகர டப்பாவைத் தட்டுவது மாதிரி இருக்கும். பொக்கை கேட்ட இடத்தைச் சுற்றி மட்டும் கரித்துண்டால் கோடு போட்டார். மொத்தச் சுவரையும் கொத்தவேண்டும் என்று அதற்கு முன்பு வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். இவர் கோடு போட்டது அதில் கால்வாசிகூட இருக்காது. அந்த இடங்களை மட்டும் எடுத்து, தூசு தட்டி, தண்ணீர் காட்டி, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணலும் செங்கல் பொடியும் சேர்த்து மூன்று பங்கு என்று பூசினார். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைத்த கலவை. அந்தப் புளித்த வாடை சில நாள் வீடு முழுக்க இருந்தது.

நேரம் பிடிக்கும் வேலை. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் மெல்ல இறுகும். வெயிலில் சட்டென்று காயவிட்டால் வெடிக்கும், ஈரச் சாக்கு கட்டிக் காப்பாற்ற வேண்டும். "அடுத்த வாரம் பெயின்ட் அடிச்சுரலாம்" என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பிப்ரவரி 6

மேலே சொன்னதற்கு ஒரு திருத்தம். சுவரில் ஏற்கெனவே யாராவது சிமெண்ட் பூசியிருந்து அது கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிடித்து இழுக்க வேண்டாம். உள்ளே செங்கல் நொறுங்கும். தானாகப் பொக்கை விட்ட இடத்தை மட்டும் எடுங்கள். பெயின்டுக்குப் பதில் சுண்ணாம்பு அடித்தாலே போதும். பளபளப்பு வேண்டும் என்று பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சிமெண்ட் பூசியதற்கு இணையான தொல்லைதான்.

பிப்ரவரி 9

தரை. விட்ரிஃபைடு டைல் நீரை உறிஞ்சும் அளவு அரை சதவீதத்துக்கும் கீழே. அடுக்குமாடி வீட்டுக்கு அது நல்ல குணம். ஈரம் ஏறும் தரையில் அது மூடி. அடியிலிருக்கும் ஈரம் சுவர் ஓரமாக ஒதுங்கி, அங்கே ஏறத் தொடங்கும். அதோடு வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பளபளக்கும் டைல் எதற்கு?

பழைய தரை என்ன இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். ரெட் ஆக்சைடாக இருந்தால் விரிசலோடு இருந்தாலும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். புதிதாகப் போடுவது கஷ்டம், தெரிந்த ஆள் குறைவு. சிமெண்டும் காவிப்பொடியும் கலந்த பூச்சை ஓர் அறைக்கு ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் விட்டு மறுநாள் தொடர்ந்தால் அந்தக் கோடு காலத்துக்கும் தெரியும். பலகை மேல் குந்தி, இரும்புக் கரண்டியைப் படுக்கவைத்துத் திரும்பத் திரும்ப இழுத்து மெருகேற்றுவார்கள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் உள்ளே எட்டிப்பார்க்கக்கூட விடமாட்டார்கள்.

ரெட் ஆக்சைடுக்கு ஆள் கிடைக்காவிட்டால் ஆத்தங்குடிக் கல். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் இன்றும் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அதன் மேல் உலர்ந்த மணல் சிமெண்டும் பிறகு கலவையும் வைத்து அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவிடுகிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியைப் பிரித்தால் அந்த வழவழப்பு அப்படியே கல்லில் இருக்கும். நடக்க நடக்க மெருகு கூடும். ஆசிட் ஊற்றித் துடைத்தால் போச்சு. தாழ்வாரத்துக்கும் அறைகளுக்கும் சரி, மழை படும் முற்றத்துக்கு வேண்டாம். முற்றத்தில் இருக்கும் கருங்கல்லை எடுத்து வாட்டம் பார்த்துத் திரும்பப் பதித்தாலே போதும்.

பிப்ரவரி 10

ஒரு வாசகர் எழுதியது என்னை யோசிக்க வைத்தது. அவருடைய அம்மா மழை நாளில் நனைந்த தாழ்வாரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததாம். "முற்றத்தை மூடாதே என்று எழுதுவது சுலபம்" என்கிறார். நியாயம். முதல் நாள் நான் எழுதியதைத் தளர்த்துகிறேன்: முற்றத்துக்கு மேலே கூரை வரலாம், ஆனால் முற்றம் மூடக்கூடாது.

எப்படி என்றால், இருக்கும் ஓட்டுக் கூரைக்கு மேலே இரண்டரை, மூன்று அடி உயரத்தில் தனியாக ஒரு சின்னக் கூரையைத் தூக்கி வைப்பது. நான்கு இரும்புக் கால், அதன் மேல் நாலு பக்கச் சரிவாக மங்களூர் ஓடு. அதன் விளிம்பு பழைய ஓட்டின் மேல் நன்றாக ஏறி நிற்க வேண்டும், சாரல் உள்ளே வராத அளவுக்கு. மேல் கூரைத் தண்ணீர் பழைய ஓட்டில் விழாமல் அதற்கென்று காடியும் குழாயும். இடைவெளியில் சூடான காற்று நாலு பக்கமும் வெளியேறும். வெளிச்சம் குறையும் என்பீர்கள். பத்து ஓட்டுக்கு ஒரு கண்ணாடி ஓடு வைத்தால் போதும். அதே மங்களூர் ஓட்டு அச்சில் வரும், தனி வேலை எதுவும் கிடையாது. இடைவெளியில் கொசுவலையும் கம்பி கிரில்லும் அடித்துவிட்டால் குரங்கு, பூனை, திருடன் மூன்றுக்கும் ஒரே பதில்.

பாக்கி இருக்கிறதே, பழைய ஓட்டுச் சரிவுத் தண்ணீர், அது முன்பு போலவே முற்றத்தில்தான் விழும். அதற்குத் தாழ்வார விளிம்பில் அகலமான காடி, எட்டிக் கையால் சருகு அள்ளக்கூடிய உயரத்தில். தாழ்வாரத் தரை காய்ந்து கிடக்கும்.

மேலே மழை, கீழே சத்தம் மட்டும் கேட்கும் என்பது எனக்கு மனசுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனாலும் எழுபது வயதுக்காரர்கள் இருக்கப்போகும் வீடு.

பிப்ரவரி 14

திண்ணை. இதற்குத் தளர்வு கிடையாது. கார் தெரு முனையில் மரத்தடியில் நிற்கட்டும், அல்லது கொல்லைப்பக்கச் சந்தில் வழி இருக்கிறதா பாருங்கள். அப்பா ஓய்வு பெற்று ஊருக்கு வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் காலையில் பேப்பரோடு எங்கே உட்காருவார்? தெருவில் போகிறவர் "எப்ப வந்தீங்க" என்று கேட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து போக இடம் வேண்டாமா? இரும்பு கிரில் போட்டுப் பூட்டிய வாசலில் யாரும் அப்படி நிற்பதில்லை. எங்கள் தெருவில் வரிசையாகத் திண்ணைகள் போய்விட்டன, ஒவ்வொரு வீட்டு முன்னும் இப்போது ஒரு ஷட்டரும் ஒரு காரும். சாயந்திரம் ஆறு மணிக்குத் தெருவில் ஆளே தெரிவதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

பிப்ரவரி 15

"எல்லாம் பழசு மேல் உள்ள மோகம், குளியலறையையும் கொல்லையிலேயே வைக்கச் சொல்வீர்களா?" என்று ஒருவர். மாட்டேன். அதைத்தான் துணிந்து மாற்றச் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு கொல்லைக்குப் போக வைக்கக்கூடாது.

இரண்டாம் கட்டில் கொல்லையை ஒட்டிய அறையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலை நாட்டுக் கழிப்பறை, பிடிமானக் கம்பி, சொரசொரப்பான தரை. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவோரம் கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. வாசற்படி உயரம் வேண்டாம், சக்கர நாற்காலி நுழையும் அகலம் இப்போதே விட்டுவிடுங்கள். குழாய்களைப் பழைய சுவருக்குள் புதைக்காமல் வெளிச்சுவரில் ஏற்றுங்கள். கசிந்தால் கண்ணில் படும்.

சமையலறைக்கு ப்ளைவுட் அலமாரி அடிப்பதாக இருந்தால் ஐ.எஸ். 710 தர முத்திரை போட்ட மரைன் ப்ளை. ஈரத்தை அவ்வளவு தாங்காத 303 வேண்டாம். எங்கள் வீட்டில் அதுவும் வைக்கவில்லை. கடப்பாக் கல்லை நிறுத்தித் தட்டடித்துவிட்டோம். கரையானுக்கு அங்கே வேலை இல்லை.

பிப்ரவரி 20

கொல்லை. கிணறு இருக்கிற கொல்லையை முழுக்க பேவர் பிளாக் போட்டு மூடுவதா! தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003-இல் சட்டமே வந்தது. உங்கள் வீட்டில் தாத்தா அதற்கு முன்பே பாதி ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கலாம். முற்றத்துத் தண்ணீர் போகும் வழியைப் பின்தொடர்ந்து பாருங்கள், அது கொல்லைக்குத்தான் போகும்.

அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்புங்கள். நேராக விடவேண்டாம். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி, அடியில் பெரிய கூழாங்கல், மேலே சின்ன ஜல்லி, அதற்கு மேல் மணல், இடையில் கரி. வடிந்த தண்ணீர் கிணற்றுக்கு. தொட்டிக்கு முன்னால் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு மூடி வைத்த கிளைக்குழாய் வேண்டும். பருவத்தின் முதல் மழை ஓட்டிலிருக்கும் தூசு, எச்சம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரும், அன்றைக்கு மட்டும் மூடியைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். இதற்கு ஆகும் செலவு அந்த பேவர் பிளாக்கில் ஒரு மூலைக்குக்கூட வராது.

நடக்க ஒரு பாதை தேவைதான். கிணற்றடிக்கும் துணி உலர்த்தும் இடத்துக்கும் போக மூன்றடி அகலத்தில் கல் பதியுங்கள், அடியில் கான்கிரீட் இல்லாமல் மணல் மேல். மற்றது மண்ணாகவே இருக்கட்டும். மேற்குச் சுவருக்குத்தான் நிழல் முக்கியம், பிற்பகல் வெயில் முழுக்க அதில் விழும். சற்றுத் தள்ளி ஒரு புங்கை. பவழமல்லி ஒன்று. வாழை கட்டாயம், சமையலறைத் தண்ணீர் குடிக்க.

பிப்ரவரி 21

வாழையைச் சுவரோரம் வைக்கச் சொல்லவில்லை. ஒரு நண்பர் அப்படிப் புரிந்துகொண்டார். ஆறடியாவது தள்ளி. அங்கே எப்போதும் ஈரம் நிற்கும், அதைச் சுவருக்குக் கொடுக்கவேண்டாம். முருங்கையையும் தாழ்வார ஓட்டுக்கு மேலே கிளை வராத தூரத்தில் வையுங்கள். ஆடிக் காற்றில் முறிந்து விழுந்தால் ஓடு காலி.

கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கும், எல்லா வீட்டிலும் உண்டு. மேலே வெட்டினால் அடுத்த மழையில் இரட்டிப்பாக வரும். கல்லைப் பிரித்து வேரோடு எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வைத்து அடையுங்கள்.

மார்ச் 1

இழை எங்கேயோ போய்விட்டது, காரைக்குடியில் விற்கும் பழைய தூண் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய மரத்தூண், வாசல்நிலை, கதவு, எனாமல் பாத்திரம் என்று கடை கடையாக இருக்கிறது, உண்மை. நானும் ஒரு நிலை பார்க்கப் போனேன். பர்மா தேக்கு, மேலே கஜலட்சுமி, ஓரத்தில் ஒரு குழந்தை உயரம் குறித்த கத்திக் கீறல்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. வாங்க மனம் வரவில்லை. இடித்துவிட்ட வீட்டுச் சாமானை யாராவது எடுத்து வாழவைப்பது நல்லதுதான், அதை வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை. கேள்வி கேட்டவருக்கு மட்டும் சொல்கிறேன்: உங்கள் வீட்டிலேயே தூண் நிற்கிறது. முதலில் அதற்கு எண்ணெய் போடுங்கள். பெயின்ட் அடித்திருந்தால் ஆசாரியை வைத்துப் பொறுமையாகச் சுரண்டச் சொல்லுங்கள், மெஷின் வைத்துத் தேய்த்தால் செதுக்கு வேலை மழுங்கிவிடும்.

மார்ச் 4

வேலை வரிசையை ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் பணத்தைத் தின்பது. முதலில் ஓடு, கைமரம், கூடல்வாய். மேலே ஒழுகும்போது கீழே எதைச் செய்தாலும் வீண். பிறகு தண்ணீர்க் குழாய், கழிவுநீர். பிறகு வயரிங். சுவரில் வயர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டும்போது மேலிருந்து கீழாக மட்டும் வெட்டச் சொல்லுங்கள். குறுக்கே நீளமாக வெட்டினால் சுண்ணாம்புச் சுவரின் பலம் அந்த இடத்தில் போய்விடும். வெளியே தெரிகிற மாதிரி மரச்சட்டத்தின் மேல் வயர் ஓட்டினாலும் இந்த வீட்டுக்கு அழகாகவே இருக்கும். அதற்குப் பிறகுதான் சுவர்ப்பூச்சு, தரை, கடைசியில் வெள்ளை.

மாசியில் ஓட்டைப் பிரித்தால் ஆடிக்குள் சுவர்வேலை முடியும். ஐப்பசிக்கு முன் எல்லாம் காய்ந்திருக்க வேண்டும். ஆவணியில்தான் தொடங்க முடியும் என்று கான்ட்ராக்டர் சொன்னால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். ஓடு பிரித்த வீட்டில் வடகிழக்குப் பருவமழை இறங்குவதை நான் பக்கத்துத் தெருவில் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 12

கேள்வி கேட்டவர் புது வரைபடம் அனுப்பியிருக்கிறார். திண்ணை தப்பியது, மிகவும் சந்தோஷம். தூக்குக் கூரை போடப்போகிறார்கள், சிமெண்ட் பூச்சு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. இரண்டு விஷயம் மட்டும் மாற்றுங்கள். தூக்குக் கூரையின் இரும்புக் கால்கள் வரைபடத்தில் தாழ்வாரத்து மரத்தூணின் மேல் நிற்கின்றன. அந்தப் பாரத்துக்கு அந்தத் தூண் செய்யப்படவில்லை. கால்கள் முற்றத்தின் நாலு மூலையில் தனி அஸ்திவாரத்தில் தரையிலிருந்து எழும்பட்டும். இன்னொன்று, இடைவெளி ஓர் அடி என்று போட்டிருக்கிறார். அது போதாது, இரண்டரைக்குக் குறையாமல் கேளுங்கள். கிரில்லில் ஒரு பக்கம் கொக்கி வைத்துத் திறக்கிற மாதிரி இருக்கட்டும், ஓடு மாற்ற ஆள் ஏறி இறங்க.